ராமுத்தாய் பேரில் ஒரு கட்டில்

"பேரு?"

"ராமுத்தாய்."

"புருசன் பேரு?"

"முத்துச்சாமி. ரயில்வேயில பாயிண்ட்ஸ்மேன்."

சொன்ன பிறகுதான் அய்யம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டின புருசன் பேரை எந்தப் பொம்பளை இப்படிப் பட்டென்று சொல்லுவாள்? நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. கையிலிருந்த ரயில்வே ஆஸ்பத்திரிக் கார்டைப் புரட்டினார். அவளைப் பார்த்தார். மறுபடியும் கார்டைப் பார்த்தார்.

"வயசு அம்பத்திரண்டா?"

"ஆமாங்க."

அவளுக்கு நாற்பதுதான்.

"வயித்துல கட்டி. ஆபரேஷன் பண்ணணும். சேர்த்துக்கங்க" என்று எழுந்து போய்விட்டார்.

அவளுடைய நிஜப் புருசன் நல்லுசாமி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். திண்டுக்கல் தோல் ஷாப்பில் இருபது வருஷமாகத் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்தவன். பெண்டாட்டிக்கு இப்படி என்று முதலாளியிடம் போனபோது, "நிதானமா வைத்தியம் பாருப்பா. உன் எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்கிறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தனி டாக்டர் கேட்ட தொகையோ அவனுடைய ஒரு வருஷச் சம்பளம். தர்மாஸ்பத்திரியில் கட்டில் காலியில்லை, அடுத்த மாசம் வா என்றார்கள்.

அப்போதுதான் அடுத்த வீட்டு முத்துச்சாமி, ரயில்வேக்காரன் குடும்பத்துக்கு இலவச வைத்தியம் தரும் அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

அவர் சம்சாரம் ராமுத்தாய் செத்து ரெண்டு வருஷம். செத்தது இதே ஆஸ்பத்திரியில்தான். அன்றைக்கு டூட்டி மாற்ற ஆள் கிடைத்து, அவர் ரயிலேறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வார்டு ஆள் உடம்பையும் கார்டையும் ஒப்படைத்தான். எந்த டாக்டரையும் அவர் பார்க்கவில்லை. கார்டை ஆபீசில் திருப்பிக் கொடுக்க அப்புறம் மனசே வரவில்லை.

"வேண்டாம்ணே. மாட்டிக்கிட்டா ஒங்க வேலை போயிரும். இன்னும் மூணே மாசம். பென்சனோட வீட்டுல உக்காரப் போறீக" என்று அய்யம்மாள் அழுதாள்.

"பயப்படாத தாயி. ரஷ்யாவுல எல்லாருமே ரயில்வேக்காரன் மாதிரிதானாம். தோல் ஷாப்புக்காரனுக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே பென்சன். யூனியன் கூட்டத்துல சொன்னாக."

"எல்லாம் சர்க்கார் கையில இருந்தா, அந்தச் சர்க்கார் ஆளு மூஞ்சியச் சுளிச்சா எங்கண்ணே போறது?" என்றான் நல்லுசாமி. "இங்க ஒரு மொதலாளி வெரட்டுனா இன்னொரு மொதலாளியாச்சும் இருக்கான்."

"இருக்கான். அவன்கிட்டக் கேட்டுப் பாத்தியா?"

நல்லுசாமி கார்டை வாங்கிப் பெண்டாட்டி கையில் கொடுத்தான்.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரி அங்கம்மாள், ஒரு ஃபயர்மேன் சம்சாரம், வந்த அன்றே காதோடு சொன்னாள். "இந்த டாக்டரு ரொம்பக் கறாரு. போன மாசம் லீவுக்குப் பொய்யா டாக்டர் சீட்டுக் கேட்ட ஃபிட்டர மேல எழுதிப் போட்டு சஸ்பெண்டு பண்ண வச்சுட்டாரு, தெரியும்ல?"

அய்யம்மாள் குடித்துக்கொண்டிருந்த கஞ்சியைக் கீழே வைத்தாள்.

"ராமுத்தாய்!" என்று டாக்டர் கூப்பிட்டால் ரெண்டாவது தடவைதான் அவளுக்கு உறைக்கும். அதுவரைக்கும் அவர் கட்டிலுக்கு முன்னால் பேசாமல் நிற்பார். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நினைக்கிறார் என்றே தெரியாது. பார்க்க வரும் முத்துச்சாமியை 'அண்ணே' என்று சொல்லிவிடாமல் இருக்க அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்லுசாமி அவளுக்குத் தம்பி என்று சொல்லிக்கொண்டு வருவான். வந்து சுவர் ஓரமாகவே நிற்பான்.

ஆபரேஷன் அன்று காலையில் காகிதம் நீட்டினார்கள். புருசன் கையெழுத்துப் போடணும். முத்துச்சாமி போட்ட கையெழுத்துக் கோணிக்கொண்டு போனது.

நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் அய்யம்மாள் நல்லுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பொழைக்கலேன்னா என்ன பண்ணுவீக? செத்தவ மறுபடியும் செத்தான்னா எழுதுவாக? எனக்குக் கொள்ளி யாரு வைக்கிறது?"

நல்லுசாமி அவள் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது.

வாசலில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.

எவ்வளவு நேரமாக நிற்கிறார்? எதைக் கேட்டார்? நல்லுசாமி சுவர் ஓரமாக ஒதுங்கினான்.

"கூட்டிட்டு வாங்க" என்று நர்ஸிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அய்யம்மாள் பிழைத்துக்கொண்டாள். பத்தாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வார்டு ஆள் வந்தான்.

"டாக்டர் ரூமுக்கு வரச் சொன்னாரு. மூணு பேரையும்."

மூணு பேரையுமா? முத்துச்சாமியின் முகத்தில் ரத்தமே இல்லை. முப்பத்தைந்து வருஷ சர்வீஸ்.

உள்ளே போனதும் டாக்டரே எழுந்து கதவைச் சாத்தினார். மேஜைமேல் அந்தக் கார்டு கிடந்தது.

"சார், தப்பு எம்மேலதான். இவுக ரெண்டு பேரும்..." என்று முத்துச்சாமி கும்பிட்டார்.

டாக்டர் கையமர்த்தினார். கார்டில் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது என்னன்னு தெரியுமா?"

"இங்கிலீஸ் தெரியாதுங்க சார்."

"'அறுபத்திரண்டு, ஜூலை இருபத்தெட்டு. நோயாளி இறந்துவிட்டார்.' எழுதினது நான்தான். நீங்க கார்டை நீட்டின அன்னைக்கே படிச்சுட்டேன்."

கார்டை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். முத்துச்சாமியிடம், "நல்லபடியா ரிட்டயர் ஆகுங்க" என்றார்.

பிறகு, சுவர் ஓரமாக நின்ற நல்லுசாமியின் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு ராமுத்தாயை என்னால காப்பாத்த முடியலே. இந்தத் தடவை முடிஞ்சுது. ஒங்க சம்சாரத்தைப் பத்திரமா கூட்டிட்டுப் போங்க."