கீரிமலைக்கு ஒரு பிடி

அந்தச் சொல் அவளுக்குத் தமிழில் வரவில்லை.

பொலிஸ் அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தான். இளைஞன். நல்ல பிள்ளை. வந்தவுடனே இருவருக்கும் தண்ணீர் ஊற்றி வைத்தவன்.

மேசை நடுவில் ஒரு ஜாம் போத்தல். உள்ளே ஒரு பிடி சாம்பல்.

போத்தலுக்கு அந்தப் பக்கம் தையல்நாயகி. வெள்ளைச் சேலை. அதன்மேல் செத்துப்போன புருஷனுடைய குளிர்ச்சட்டை. கை நீளம். விரல் நுனிதான் வெளியே தெரிந்தது.

இந்தப் பக்கம் இவள், மொழிபெயர்க்க வந்தவள். அந்தப் பக்கத்துப் பேச்சிலோ இந்தப் பக்கத்துப் பேச்சிலோ ஒன்றையும் கூட்டக்கூடாது, ஒன்றையும் விடக்கூடாது. சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். அந்தச் சத்தியத்தில்தான் அவளுடைய சோறு.

முதலில் அதிகாரி சொன்னது நீளமான சொல். சட்டப் புத்தகத்தில் உள்ளது. ஷ்டோருங் டேர் டோட்டென்ரூஹ. நீளமானாலும் அதை எப்படியோ இறக்கி வைத்துவிட்டாள்.

"செத்தவையின்ர நித்திரையைக் குழப்பினதெண்டு சொல்லுகினம், அம்மா."

தையல்நாயகிக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"நித்திரையோ? அந்த மனுசன் முழிச்செல்லோ கிடக்குது. கடலில கரைக்காமல் என்னெண்டு பிள்ளை நித்திரை வரும்?"

அதையும் ஜேர்மனில் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டான்.

இந்த நாட்டில் சாம்பலை வீட்டுக்குத் தரமாட்டார்கள். தகரப் பேணியில் அடைத்து, மயானத்தில் புதைத்துவிடுவார்கள். அங்கேயே கிடக்க வேண்டும், அதுதான் சட்டம். தையல்நாயகிக்கு அது பிடிபடவேயில்லை. அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, நாள் வந்தது. ஊரென்றால் கீரிமலைக் கடலில் கரைத்திருப்பார்கள். இங்கே கையில் ஒன்றுமில்லை.

பட்டப்பகலில் பஸ் ஏறிப் போனாள். அகப்பையால் மண்ணைக் கிண்டினாள். மீன் பேணி வெட்டுகிற கத்தியால் மூடியை வெட்டினாள். ஒரு பிடி அள்ளினாள். திரும்ப மூடி, மண்ணை நிரவி, மேலே பால் தெளித்தாள். பால் பெட்டியைக் குப்பையில் எறிய மனம் வரவில்லை. அவருக்கென்று வாங்கின பால். தலைமாட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

மயானத்துக்காரன் அந்தப் பெட்டியைத்தான் கண்டான்.

"ஒரு பிடிதான் எடுத்தனான். மிச்சம் முழுக்க இவையின்ர சட்டத்துக்கு விட்டுட்டன். அவரைக் கேட்டுப்போட்டுத்தான் எடுத்தனான், பிள்ளை."

அதையும் சொன்னாள். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தையல்நாயகியைப் பார்த்தான். பிறகுதான் அந்தச் சொல்லைக் கேட்டான்.

க்ராப்ஷேண்டுங்.

இவள் ஜேர்மன் படித்தது ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டுதான். எந்தச் சொல்லும் முதலில் அங்கே வந்து இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகுதான் தமிழுக்கு வரும். க்ராப் என்றால் புதைகுழி. ஷேண்டுங் என்றால் டெசிக்ரேஷன். என்ட்வையுங் என்றாலும் டெசிக்ரேஷன்தான். ஆங்கிலத்துக்கு அந்த ஒன்று போதுமாயிருக்கிறது.

என்ட்வையுங் கோயிலுக்குச் செய்வது, புனிதத்தைக் கெடுப்பது. கல்லும் விக்கிரகமும் தாங்கிக்கொள்ளும். ஷேண்டுங்கின் வயிற்றுக்குள் மானக்கேடு இருக்கிறது. ஒரு பெண்ணைக் கெடுத்ததற்கும் முன்பு அந்தச் சொல்லைத்தான் இவர்கள் சொன்னார்கள்.

அதைத்தான் கட்டினவளிடம் கேட்க வேண்டும். உன் புருஷனுக்கு இதைச் செய்ய நினைத்தாயா என்று.

"என்ன பிள்ளை கேக்கிறான்?"

தமிழில் இருந்தவற்றுள் மிகச் சிறியதைத் தேடினாள். எல்லாமே பெரிதாக இருந்தன.

"அவமானப்படுத்த நினைச்சோ எடுத்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

"ஆரை?"

"ஐயாவை."

தையல்நாயகியின் விரல் நுனிகள் சட்டைக்கைக்குள் போயின.

போத்தலைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்தாள்.

அதிகாரி பொறுத்தான். நெடுநேரம் பொறுத்தான், பாவம். பிறகு, 'பதில் இல்லை' என்று எழுதினான்.

இதுதான் பதில் என்று சொல்ல மொழிபெயர்ப்பவளுக்கு அனுமதி இல்லை.

மிச்சத்தை அதிகாரி மெதுவாகச் சொன்னான். வழக்கு முடியும்வரை போத்தல் இங்கே இருக்கும். முடிந்தபின் மயானத்துக்குத் திரும்பிப் போகும். வேறெங்கும் போகாது. அவள் அப்படியே சொன்னாள். கூட்டவில்லை, விடவில்லை.

"நான் பிளேனுக்கு டிக்கெட் எடுத்திட்டன்" என்றாள் தையல்நாயகி. அதை யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. "அவர் இருந்தா இதுகளை எனக்கு வடிவா விளங்கப்படுத்தியிருப்பார். எனக்கு ஜேர்மன் எல்லாம் அவர்தானே."

அதிகாரி ஒரு வெள்ளை ஒட்டுத்தாளை எடுத்தான். ஏதோ எழுதினான். போத்தலில் ஒட்டி, விரலால் இரண்டுதரம் அழுத்தித் தடவினான்.

சான்றுப் பொருள். அதன்கீழ் ஓர் இலக்கம்.

தையல்நாயகி கழுத்தை நீட்டினாள்.

"பேரோ எழுதினவன்?"

மொழிபெயர்ப்பவள் தண்ணீரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

"ஓம், அம்மா."

"சரியா எழுதியிருக்கோ? இருந்த காலம் முழுக்க அந்த மனுசன்ர பேரைக் கொலைசெய்தவங்கள்."

அவள் குனிந்தாள். எழுத்தெழுத்தாகப் பார்த்தாள்.

"சரியா இருக்கு."

தையல்நாயகி தலையாட்டினாள். விரல்கள் சட்டைக்கைக்குள்ளிருந்து வெளியே வந்தன.

அதிகாரி நிமிர்ந்து மொழிபெயர்ப்பவளைப் பார்த்தான். பேனாவை எடுத்தான்.

"என்ன கேட்டார்?"