மூன்று மணி வரை

தெருக்குழாயில் ஒன்றரை வருஷமாகத் தண்ணீர் வரவில்லை என்றுதான் செங்கமலம் வார்டு உறுப்பினர் பதவிக்கு மனு போட்டாள். ஊர் நிறுத்திய ஆளை எதிர்த்து நின்றவள் அவள் ஒருத்திதான். மனுவைத் திரும்பப் பெற மூன்று மணி வரை நேரம் இருந்தது. தேர்தல் அலுவலர் அறையில் கொழுந்தன் வீரபாகு வாபஸ் படிவத்தை அவள் முன் நீட்டினான்.

"போட்டியில்லாம முடிக்கணும்னு ஊரே பேசியாச்சு அண்ணி. கையெழுத்தப் போட்டுட்டு வாங்க. அண்ணன் வெளிய தலைகுனிஞ்சு நிக்குறாரு."

சன்னல் வழியே பார்த்தாள். ஊர் ஆட்களுக்கு நடுவில் நின்ற கணவன் நிமிரவேயில்லை. பேனாவை வாங்கினாள்.

"யாரும் கட்டாயப்படுத்தலையேம்மா? சம்மதிச்சுதான வாபஸ் வாங்குறீங்க?" என்று கேட்டார் தேர்தல் அலுவலர்.

இனி வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு என்ன சின்னம் குடுப்பீங்க சார்?"