மூன்றாவது கேட்

“மூணாவது கேட்டைத் திறங்க, மியாகே சான்,” என்றான் நகுமோ, நான்காவது முறையாக.

மியாகே திறக்கவில்லை.

மைதானத்தின் பெரிய திரையில் பொம்மை ரசிகர்கள் ஆயிரம் பேர் பூட்டிய கேட்டின் முன்னால் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு சிவப்புக் கோபக் குறி முளைத்தது.

ஆட்டம் தொடங்கக் காத்திருந்த நிஜ ரசிகர்கள் மூவாயிரம் பேர் அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார்கள்.

நகுமோவும் மூன்று நண்பர்களும் ஒரு வாடகை அறையில் அடைந்து கிடந்து மூன்று வருடமாகச் செய்த வீடியோ விளையாட்டு அது. அதில் யாரும் பந்தை உதைக்க மாட்டார்கள். கால்பந்து ஆட்டம் நடக்கும் நாளில் கேட்டைத் திறப்பது, பஸ்களை நிறுத்துவது, காவலர்களை அனுப்புவது, நூடுல்ஸ் கடையில் வரிசையைக் குறைப்பது, கழிப்பறை நிரம்பாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான். வந்தவர்கள் எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால் வெற்றி.

வியாழக்கிழமை வெளியீடு.

ஜப்பானின் இந்தத் துறைமுக ஊரில், சின்னக் கால்பந்து அணி ஒன்றுக்கு அதே வேலையை இருபத்திரண்டு வருடமாக நிஜத்தில் பார்த்துவருபவர் மியாகே. அவரை மைதானத்து மேடையில் உட்காரவைத்து, பதினைந்து நிமிடம் விளையாடவிட்டு, அதை நேரலையில் காட்டலாம் என்று யோசனை சொன்னவனே நகுமோதான்.

முதல் ஐந்து நிமிடம் அந்த அம்மாள் அருமையாகத்தான் ஆடினார். அதற்குப் பிறகுதான் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி ஆகிவிட்டார். கண் திரையில் இருந்தது. விரல் மட்டும் அசையவில்லை.

ஆனால் வாய் அசைந்தது.

“மூணாவது கேட் மூடியே இருக்கட்டும். ஒருத்தரையும் விடாதீங்க,” என்று தலையைக் குனிந்து தன் காலரோடு பேசுவதுபோல் முணுமுணுத்தார்.

விளையாட்டோடு பேசுகிறார். நகுமோ தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அவனுடைய அப்பாவும் இப்படித்தான், சலவை இயந்திரத்தின் பொத்தானை அழுத்தாமல் அதற்கு உத்தரவு போடுவார்.

“வாயால சொன்னா அதுக்குக் கேக்காதுங்க. அந்த நீலப் பொத்தான்,” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

“பஸ்ஸு ரெண்டையும் பின்னால எடுக்கச் சொல்லுங்க,” என்றார் மியாகே.

திரையில் பஸ்கள் நகரவில்லை. நூடுல்ஸ் கடை முன்னால் பொம்மைகள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. ஒரு கழிப்பறை பொங்கி வழிந்தது. மேற்கு ஸ்டாண்டில் ஒரு கூட்டம் எழுந்து நின்று, “மியாகே சான், எனக்கு அவசரம்!” என்று கத்தியது. மைதானமே குலுங்கிச் சிரித்தது.

நகுமோவின் போன் அதிர்ந்தது. நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளி ஹயாமி அனுப்பியிருந்தான்: ‘யாருடா இவங்க? நம்ம விளையாட்டைக் கொல்றாங்க. நிறுத்துடா.’

“அறிவிப்பாவது கொடுங்களேன்,” என்று நகுமோ கெஞ்சினான். “கூட்டம் கொஞ்சம் அடங்கும்.”

“அறிவிப்பு வேண்டாம்,” என்றார் மியாகே, காலரிடம்.

நேரம் முடிந்தது. ‘நிர்வாகம்: படுதோல்வி’ என்று திரை முழுக்க எழுத்துகள் வந்தன. மியாகே எழுந்து மூன்று பக்கமும் ஆழமாகக் குனிந்து வணங்கினார். கைதட்டல் ஓயவே ஒரு நிமிடம் ஆனது.

மேடையின் படியில் நகுமோ அவரை மறித்தான். மரியாதையாகப் பேச வேண்டும் என்றுதான் நினைத்திருந்தான்.

“இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை பாக்குறீங்க. ஒரு கேட்டைத் திறக்க உங்களுக்கு என்னங்க கஷ்டம்?”

மியாகே காதோரம் இருந்த முடியை ஒதுக்கினார். காதுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய ஒயர் கழுத்து வழியாகக் காலருக்குள் போயிருந்தது.

“மூணாவது கேட்டுக்குப் பின்னால ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்துட்டார்,” என்றார். “ஆம்புலன்ஸ் உள்ள வர வழி வேண்டியிருந்துச்சு, அதான் ஆளுங்ககிட்ட கேட்டை மூடி வெக்கச் சொன்னேன். இப்பத்தான் கெளம்பிப் போச்சு. மூச்சு திரும்பிடுச்சாம்.”

நகுமோ படியிலிருந்து விலகி வழிவிட்டான்.

“அப்பவே எழுந்து போயிருக்கலாமே. நான் தடுத்திருப்பேனா?”

“நான் ஓடியிருந்தா மூவாயிரம் பேரும் என்னன்னு பாக்க அங்க வந்திருப்பாங்க. இடத்துலயே உக்காந்து சிரிச்சுட்டு இருந்தாங்க. நல்லதாப் போச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “உங்க விளையாட்டைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க,” என்றார்.

நகுமோ கையிலிருந்த மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான். எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும், இப்போதே.

மியாகே அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம். அவர் சம்சாரம் கிழக்கு ஸ்டாண்டுல உக்காந்திருக்காங்களாம். அவங்களுக்கு இன்னும் தெரியாது.”

மைக் தானாகவே கீழே இறங்கியது.

மியாகே கிழக்கு ஸ்டாண்டின் படிகளில் ஏறினார். ஓடவில்லை. “வீட்டுல போய் நல்லாப் பழகிட்டு வாங்க!” என்று யாரோ கத்தினார்கள். அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

பதினான்காவது வரிசையில் ஒரு பெண்மணி இன்னும் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்து இருக்கையில், இடம் பிடிக்க வைத்ததுபோல், ஆண்கள் அணியும் தொப்பி ஒன்று இருந்தது.

மியாகே அந்தத் தொப்பியை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அங்கே உட்கார்ந்தார்.