அவள் சிரித்த பதில்

"அடுத்தது" என்றார் அவர்.

அவள் அடுத்த கார்டை எடுத்தாள்.

"நேர்மையாக இருந்து முன்னுக்கு வர முடியுமா? கேட்டிருப்பவர், ஆ. செல்லையா, கோவில்பட்டி."

"தாராளமாக. முன்னுக்கு வந்த பிறகு நேர்மையாக இருக்க எந்தத் தடையும் இல்லை."

எழுதினாள். சிரிக்கவில்லை.

அவருக்குத் திருப்தி. அப்படியானால் தேறிவிட்டது.

அவள் சிரித்தால் அந்தப் பதில் குப்பை. இது அவருடைய சட்டம். வீட்டுக்கு வருகிற பத்திரிகைக்காரர்களிடம், அவளை வைத்துக்கொண்டே சொல்வார். "இவளுக்கே புரியுதுன்னா, அதுல என்னய்யா சரக்கு இருக்கும்?"

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் காபி கொடுப்பாள்.

பதினோரு வருடமாக அவருக்கு இடப்பக்கம் முழுக்க மரத்துக் கிடக்கிறது. வலது கை டம்ளர் பிடிக்கும். பேனா பிடிக்காது.

வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

புதன்தோறும், பத்திரிகையில் அவருடைய கேள்வி-பதில் பகுதிக்கு வரும் வாசகர் கேள்விகளை அவள் படிப்பாள். அவர் சொல்லும் பதில்களை எழுதுவாள். உறையில் போட்டு ஒட்டித் தபாலில் சேர்ப்பாள்.

"ம், படி."

இன்னொரு கார்டு. இது அடியில் இருந்தது.

"பதினோரு வருடமாகப் படுக்கையில் கிடக்கும் கணவரைக் கவனித்துக்கொள்கிறேன். ஒரு நாளும் அவர் என்னை மனுஷியாக மதித்ததில்லை. விட்டுப் போனால் பாவமா? இப்படிக்கு, ஒரு வாசகி."

"பேர் போடலையா?"

"இல்லைங்க."

"புருஷன் மேல பயம். கிடக்கிறவனைப் பார்த்தே பயம்னா, நடமாடினப்ப எப்படி இருந்திருப்பா?"

கண்ணை மூடிக்கொண்டார். உதட்டோரம் கோணியது. நல்ல பதில் வருகிறபோது அப்படித்தான் கோணும்.

"எழுதிக்கோ. தியாகி என்பது, வாசற்கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவளுக்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர்."

பேனா ஓடியது. நின்றது.

அவள் சிரித்தாள்.

மெதுவாகத்தான். ஆனால் நிறுத்த முடியாமல்.

அவர் கண்ணைத் திறந்தார். "சிரிச்சிட்டியா? போச்சு. அடிச்சிடு."

அவள் அடிக்கவில்லை.

தாளை மடித்தாள். உறையில் போட்டாள். நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள்.

"அடின்னு சொன்னேன்ல?"

"தபால்ல சேர்த்துடறேங்க."

அந்தக் கடைசி கார்டை அவர் மடியில் வைத்தாள். டம்ளரில் தண்ணீர் நிரப்பி, கட்டிலருகே முக்காலியில் வைத்தாள்.

போனாள்.

வெளியே போகும்போது கட்டும் சேலைதான். புதன்கிழமைதானே. அவர் வித்தியாசமாக எதையும் நினைக்கவில்லை.

வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கொக்கி விழும் சத்தம். வெளிப்பக்கம்.

வலது கையால் கார்டை எடுத்துத் திருப்பினார்.

விலாசம் இல்லை. தபால் முத்திரை இல்லை.

மறுபடி திருப்பினார். கையெழுத்தைப் பார்த்தார். பதினோரு வருடமாக அவருடைய பதில்கள் அச்சுக்குப் போன கையெழுத்து.

கூப்பிட்டார். இரண்டாவது தடவை குரல் எழும்பவில்லை. தொண்டை உலர்ந்துவிட்டது.

தண்ணீருக்குக் கை நீட்டினார்.

டம்ளர் இடப்பக்கம் இருந்தது.