இருநூறு கிராம்

"அக்கா, இதைவிட இலேசா ஒண்ணு இருக்கா?"

கர்ணசிங் கேட்டது இது நாலாவது தடவை. நேபாளத்துப் பொக்கராவின் ஏரிக்கரைச் சாலையில் மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் துளசி ஷேர்சனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவனைப் பதினைந்து வருஷமாகத் தெரியும். சுற்றுலாக்காரர்களின் மூட்டைகளை நெற்றிப் பட்டையில் மாட்டி மலைமேல் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன். அறுபது கிலோவைத் தூக்கிக்கொண்டு பாடிக்கொண்டே ஏறுவான் என்று பெயர். அவள் கடையில் அவன் இதுவரை வாங்கியது காலுறை மட்டும்தான். அப்படிப்பட்ட ஆள் இன்று சமையல் பாத்திரங்களை ஒவ்வொன்றாக வாங்கி, மூடியைத் திறந்து, கைப்பிடியை மடக்கி, தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அறுபது கிலோ தூக்கறவனுக்கு அரைக் கிலோ பாத்திரம் கனமாயிடுச்சா?" என்றாள் துளசி.

"இந்தச் சுமை வேற மாதிரி அக்கா. இதில குறைக்க ஒண்ணுமில்லை. மத்ததிலதான் குறைக்கணும்."

பஸ் போகும் ரோடு முடிகிற இடத்திலிருந்து மூன்று நாள் நடை என்றான். பள்ளத்தாக்கு வழியில் பாலத்தை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. மேட்டு வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழியில் சோறு போட ஒரு விடுதி கிடையாது; தானே பொங்கித் தின்ன வேண்டும். போன வருஷத்திலிருந்து வலது முட்டி வேறு ஐம்பது கிலோவுக்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை. சுமை, அரிசி, பருப்பு, போர்வை, தார்ப்பாய் எல்லாம் சேர்ந்து இப்போதே நாற்பத்தொன்பதே முக்காலில் நிற்கிறது.

பாதியை இன்னொருவன் தலையில் கட்டலாமே என்றாள் துளசி. இதைப் பிரிக்க முடியாது என்றான். சரி, கோவேறு கழுதை? அதையும் ஒருமுறை பார்த்தாயிற்றாம். கழுதை ஒரு திருப்பத்தில் மிரண்டு, சுமை சரிந்து, இன்னும் ஒரு சாண் போயிருந்தால் பள்ளத்தில். அன்றோடு தன் முதுகைத் தவிர வேறெந்த முதுகையும் நம்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

"அப்படி என்ன, கண்ணாடிச் சாமானா?"

"அதைவிட மோசம்," என்று சிரித்தான்.

துளசி உள் அலமாரியிலிருந்து ஒரு டைட்டானியம் பாத்திரத்தை எடுத்து வந்தாள். தராசு நூற்றிருபது கிராம் காட்டியது. அவன் முகம் மலர்ந்துபோயிற்று. அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"விக்கறவளே சொல்றேன்னு பாக்காதே. இது பாக்கெட்டைக் கிழிச்சு வெந்நீர் ஊத்திச் சாப்பிடறவங்களுக்கு. தகடு அவ்வளவு மெல்லிசு. சோறு வச்சா அடி தீஞ்சுபோகும், மேலே அரிசி அப்படியே நிக்கும்."

அவன் அதை உடனே கீழே வைத்துவிட்டான்.

"தீஞ்ச சோறு நீ சாப்பிடாததா?"

"நான் சாப்பிடுவேன்," என்றான். அடுத்த பாத்திரத்தை எடுத்தான்.

கடைசியில் ஒரு அலுமினியம் பாத்திரம் அவனுக்குப் பிடித்தது. அதில் அரிசியும் பருப்பும் சேர்த்துப் போட்டால் குழைய வேகுமா என்று கேட்டான். தீயைக் குறைத்து வைத்தால் வெண்ணெய் மாதிரி வேகும் என்றாள். மூடி, சின்ன வாணலி, கைப்பிடி எல்லாம் சேர்ந்து முந்நூற்றுப் பத்து கிராம். அவன் வாணலியை வெளியே எடுத்து வைத்தான். மூடியே தட்டாகட்டும் என்றான். கைப்பிடியின் திருகைக் கழற்றினான். பழந்துணியால் பிடித்து இறக்கிக்கொள்ளலாமாம். மறுபடி தராசில் வைத்தான். இருநூறு.

அதைத் துணிப்பையில் போட்டுக் கொடுக்கும்போது துளசியால் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வீடு திஹார் பண்டிகை விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் எந்தக் கம்பெனிக்காரன் இவனை மலைக்கு விரட்டுகிறான் என்று கேட்டாள். கம்பெனி எதுவும் இல்லை, இது சொந்த வேலை என்றான்.

"நல்லாயிருக்கு போ. நாள் கிழமையில பொண்டாட்டியைத் தனியா விட்டுட்டு முதுகில மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போறியே, அவ ஒண்ணும் சொல்லலையா?"

"கிளம்பு கிளம்புன்னு பிடுங்கறதே அவதான் அக்கா."

பையை வாங்கிக்கொண்டு அவன் வெளியே போனான். போன பிறகுதான் கரண்டி வாங்கவில்லை என்பது துளசிக்கு நினைவு வந்தது. பத்து கிராம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் கரண்டியை எடுத்துக்கொண்டு, அவனை அவ்வளவு பாடு படுத்துகிற சுமை எது என்றும் பார்த்துவிடலாம் என்று பின்னாலேயே வாசலுக்கு வந்தாள்.

வாசல் மேடையில் அவனுடைய மூங்கில் கூடை இருந்தது. அதன் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, கம்பளி விரித்திருந்தான். கர்ணசிங் கூடைக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, பட்டையை நெற்றியில் மாட்டி, கைத்தடியை ஊன்றி மெல்ல எழுந்தான்.

கூடைக்குள், புல்லறுக்கப் போன இடத்தில் பாறையிலிருந்து விழுந்து மூன்று வருஷமாக நடக்க முடியாத அவன் மனைவி மன்குமாரி, பாதி தொடுத்த வாடாமல்லி மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துளசியைப் பார்த்துக் கைகூப்பி, "பொறந்த வீட்டுக்குப் போறேன் அக்கா, திஹாருக்கு அண்ணன் நெத்தியில பொட்டு வைக்க," என்றாள்.