நாற்பதைத் தாண்டிய வயிறு

“லத்தியை எடுங்க ஏட்டையா! அது அரிசி இல்லீங்க, என்ற சொந்த வயிறு!”

ஆறுச்சாமி போட்ட சத்தத்தில், வேலந்தாவளம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. எல்லைச் சோதனைச் சாவடியின் ஏட்டு வேதமுத்து மட்டும் அசையவில்லை. அவருடைய லத்தியின் நுனி ஆறுச்சாமியின் தொப்புளுக்கு மேலேயே நின்றது.

“எல்லாரும் இதைத்தான்வே சொல்லுதாங்க. இப்பத்தான் ஒருத்தி நிறைமாசம்னு சொல்லிக்கிட்டு போனா. ஒரு தும்மல் போட்டா பாரும், ரோடு பூரா அரிசி!”

தமிழ்நாட்டு அரிசி கேரளத்துக்குள் போகக் கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. கேரளத்து ரேஷன் அரிசியை வாயில் வைக்க முடியாதவர்கள், துணிப்பையில் நல்ல அரிசியை நிரப்பி வயிற்றில் கட்டிக்கொண்டு எல்லை தாண்டினார்கள். அந்த வட்டாரத்தில் ஒல்லியான ஆளே பிறப்பதில்லை என்று வெளியூர்க்காரன் நினைத்துக்கொள்வான். பஸ்ஸில் வந்தாலும் சரி, வண்டியில் வந்தாலும் சரி, எந்த ஆம்பளை வயிறும் வேதமுத்துவின் லத்திக்குத் தப்பியதில்லை.

ஆறுச்சாமிக்கு வீடு கேரளத்தில், எருத்தேன்பதியில். கடலைத் தோட்டமோ எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப வேண்டும். திரும்பும்போதெல்லாம் குத்து.

“தெனமும் குத்தறீங்க. என்னிக்காச்சும் ஒரு மணி அரிசி உழுந்துச்சுங்களா? பஸ்ஸுல சனம் பூரா எட்டிப் பாக்குது. என்ற புள்ளைய கேட்டு வாரவங்க இதைப் பாத்தா, அரிசி கடத்தறவன் ஊட்டுல பொண்ணு எடுக்கமாட்டம்னு போயிருவாங்களே! என்ற மானத்துக்கு ஆருங்க பதில் சொல்றது?”

“சட்டம்வே.”

“சட்டமா? இந்தாங்க, நல்லாப் பாருங்க உங்க சட்டத்தை!”

பொத்தான்கள் தெறிக்க ஆறுச்சாமி சட்டையைக் கழற்றி வீசினார். சோதனைக்கு நின்றிருந்த பஸ்ஸில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். வயிறா அது! வேட்டிக்கு மேலே வழிந்து, ஆள் அசையாமல் நின்ற பிறகும் அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிப்போடலாம்.

“தடவிப் பாருங்க! கிள்ளிப் பாருங்க! நாப்பதைத் தாண்டுன ஆம்பளைக்கு வயிறு வராம, பொறத்தால வாலா வரும்? அட, உங்க வயித்துல எத்தனை மூட்டை கட்டியிருக்கீங்க ஏட்டையா? அதை ஆருங்க குத்திப் பாக்கறது?”

பஸ்ஸே குலுங்கியது. சிரித்த சிரிப்பில் கண்டக்டர் விசிலை விழுங்கப் பார்த்தார். வேதமுத்து குனிந்து தன் பெல்ட்டைப் பார்த்தார். பெல்ட் தெரியவில்லை, வயிறு மறைத்தது.

அவர் முகம் சுண்டிப்போனது. சட்டையை எடுத்து, மண்ணைத் தட்டி, அவரே நீட்டினார்.

“போட்டுக்கிடும் கவுண்டரே. தப்புத்தான். ஏலே, எல்லாரும் கேட்டுக்கிடுங்க! இனிமே இவரு வயித்துல ஒருத்தனும் கை வைக்கக் கூடாது.”

அதோடு ஆறுச்சாமியின் கோபம் அடங்கிவிடவில்லை. மறுநாளிலிருந்து சாவடி வந்ததும் அவரே நின்றுவிடுவார். “குத்துங்க! ஏன் நிறுத்திப்போட்டீங்க? வாங்க, வந்து குத்துங்க!” என்று ஊரைக் கூட்டுவார். வேதமுத்து எட்ட நின்றே கும்பிடு போட்டு, “போம்வே, புண்ணியமாப் போகும், போம்!” என்பார்.

ஒரு மாசி போய், அடுத்த மாசியும் போய்ச் சித்திரை வந்தது. ஒருநாள் சாயங்காலம், குறுக்குக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றபடியே வேதமுத்து குரலைத் தாழ்த்தினார்.

“கவுண்டரே, கோவப்படாம ஒண்ணு சொல்லும். இந்த வயித்தைக் குறைக்க எதாவது வழி உண்டுமா? பெரிய அதிகாரி பரேடுல வச்சு ஏசுதாரு. குறையலேன்னா மலைமேல எங்கயாவது தூக்கிப் போட்டுருவாராம்.”

“வழியா? உங்க குத்துக்குப் பயந்து நானும் பாக்காத வழியா? கொள்ளுத் தண்ணி குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சு. எண்ணெயைக் கண்ணுல பாத்து எத்தனை நாளாச்சு! ராயிக்களி ஒரு உருண்டை, அதுக்கு மேல கேட்டா என்ற சம்சாரம் அகப்பையைத் தூக்கறா. விடியறதுக்கு முன்னால மம்பட்டி புடிச்சா, பொழுது உழுகற வரைக்கும் வெட்டறேன். ஒரு இஞ்சு குறைஞ்சுதாங்க? நீங்களே சொல்லுங்க!”

வேதமுத்து மேலும் கீழும் பார்த்தார். அவர் கண்ணுக்கு ஓர் அங்குலமும் குறைந்ததாகத் தெரியவில்லை.

“மெய்தான்வே,” என்று பெருமூச்சு விட்டார். “வயசு கொண்டாந்து வைக்கிற வயித்தை எந்த ஆம்பளையாலயும் தடுக்க முடியாது போல.”

“முடியாதுங்க! முடியும்னு எவனாச்சும் சொன்னா இங்க கூட்டியாங்க. அவன் மூஞ்சியில நான் குத்தறேன்!”

திட்டிக்கொண்டே கம்பத்தைத் தாண்டினார். திட்டிக்கொண்டே எருத்தேன்பதி வரைக்கும் நடந்தார். எதிரே வந்த நாய்கூட ஒதுங்கி வழிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி மருதாத்தாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“இன்னிக்கும் சத்தம் போட்டீங்களா?”

“போடாம உடுவனா?” என்றபடி சட்டையைக் கழற்றிக் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார் ஆறுச்சாமி.

மருதாத்தாள் அவர் இடுப்பைச் சுற்றியிருந்த துணிப்பையை அவிழ்த்து, அரிசியை அண்டாவில் கொட்டினாள். ஐம்பதை எட்டப்போகிற ஆறுச்சாமியின் அசல் வயிறு, கல்யாணத்தன்று இருந்ததைவிட உள்ளே போய் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.