பொன்முடிக் குறட்டை

"பொன்முடி மலையிலேர்ந்து அடிவாரத்துக் கல்லாறு வரைக்கும் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. அத்தனையிலும் கார்ல குறட்டை விட்டுண்டே இறங்கினேன். ஒரு கீறல் இல்லை. பேட்டரியில சார்ஜ்கூட மூணு சதவீதம் ஏறித்து!" என்றார் வெங்கடேஸ்வரன்.

"பச்சைக் கள்ளம்!" என்றான் மகன் வெங்கிடேஷ். "எலெக்ட்ரிக் காருக்கு இறக்கத்தில சார்ஜ் ஏறும், சரி. தூங்கியிருந்தா நீங்க வலியசாலை வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டேள். ஆனா போன மாசம் ஓட்டறச்சே கண் அசந்தேளே! சாவியைக் குடுங்கோ, காரை வித்துடலாம்."

"சாவி அம்மாகிட்ட இருக்குடா."

பத்மஜா சாவியைக் காட்டினாள். "அப்பாவுக்குக் கண் சொருகித்து. நான் மாறி உட்கார்ந்துட்டேன்."

"கியருக்குப் பயந்து லைசென்ஸைப் பூட்டி வெச்சவளாச்சேம்மா நீ!"

"இதுல கியர் ஏதுடா?"

வெங்கிடேஷ் போய்க் கார்க் கதவைத் திறந்தான். ஓட்டுநர் இருக்கை, குள்ளமான அம்மாவுக்கு ஏற்றபடி ஸ்டீயரிங்கை ஒட்டி நகர்ந்திருந்தது.

"கார் இங்கேயே இருக்கட்டும்ப்பா," என்றான். "நீங்க தூங்கிண்டேதான் வந்திருக்கேள்."